தெளிந்தவன் காண்பது

1

குடியைப் பற்றிப் பேச வருகிறவர்கள் முதலில் எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். எத்தனை கோப்பை, வாரத்தில் எத்தனை நாள், எந்த வயதில் ஆரம்பம். ஒழுக்கம் போதிக்கிறவரும் எண்ணுகிறார், மருத்துவரும் எண்ணுகிறார். முன்னவருக்கு ஒன்றே அதிகம். பின்னவர் ஒரு வரம்பு வைத்திருக்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் குடியைப் பற்றிய பெரிய கணக்கெடுப்பு ஒன்று 1993-ல் நடந்தது. ஹார்வர்டின் பொதுச் சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்த ஹென்றி வெக்ஸ்லர் 140 கல்லூரிகளில் 17,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டறிந்தார். முந்தைய இரண்டு வாரங்களில் ஒரு முறையாவது, ஒரே அமர்வில், ஆண் என்றால் ஐந்து, பெண் என்றால் நான்கு: இதுதான் அவர் கிழித்த கோடு. கோட்டைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 44 பேர். எண் பெரியது. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மாணவர்களை வேறுபடுத்த முடியாது. நாலாவது கோப்பையில் நிறுத்திக்கொண்டவன் எதற்காகக் குடித்தான்? ஏழாவதைத் தொட்டவன் எதற்காக? கணக்கு அவர்களைக் கோட்டுக்கு அப்பாலும் இப்பாலும் நிறுத்திவிட்டு ஓய்ந்துவிடுகிறது. நல்லது கெட்டது பற்றிய விசாரம் அங்கேதான் தொடங்க வேண்டும்.

1960-ல் ஜெல்லினெக் குடியை நோயாகக் கொள்ளும் கருத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். பாவியின் ஸ்தானத்திலிருந்து நோயாளியின் ஸ்தானத்துக்குக் குடிகாரனை மாற்றியதில் அந்தக் கருத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் கருணை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கல்லூரி மாணவன் இந்த இரண்டு ஸ்தானங்களில் எதிலும் சரியாக உட்கார மறுக்கிறான். படிப்பு முடிந்து, வேலை, குடும்பம் என்று ஆனதும் பெரும்பாலானவர்கள் தாமாகவே குறைத்துக்கொள்கிறார்கள். நோய் அப்படி உத்தியோக உத்தரவைக் கண்டதும் விலகிப்போவதில்லை. இருந்தும் அந்த நாலு வருஷத்துக்குள் தேர்வு கெடுகிறது, சினேகம் கெடுகிறது, சிலருக்கு உயிரே போகிறது. குடிநோய் என்ற சொல் போதாமல்தான் ஆய்வாளர்கள் வேறு ஒரு சொல்லைத் தேடினார்கள். அவர்கள் சொல்வதைத் தமிழில் சிக்கற்குடி என்று சொல்லலாம். குடிப்பவனுக்கும் அவனைச் சுற்றி இருப்பவர்களுக்கும் சிக்கலை உண்டாக்கும் குடி. அளவு எதுவானாலும் சரி.

இந்தச் சிக்கற்குடிக்கும் பதைப்புக்கும் உறவு உண்டு என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொள்ளும் விதம்தான் எனக்குத் திருப்தி தரவில்லை. மனசில் பதைப்பு, குடித்தால் தணிகிறது, ஆகவே குடிக்கிறான். தாகத்துக்குத் தண்ணீர் மாதிரி. இது இவ்வளவு நேரான விஷயமாக இருந்தால் அதிகம் பதைப்பவன் அதிகம் குடிக்க வேண்டும். 2013-ல் ஷ்ரை, வொய்ட் என்ற இருவர், நாலு பேர் நடுவில் நிற்கவே கூசும் மாணவர்களைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கூச்சம் மிகுந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே குடிக்கிறார்கள். ஆனால் குடியால் வரும் சிக்கல் அவர்களுக்குத்தான் அதிகம். தண்ணீர் உவமை இங்கே உடைந்துவிடுகிறது. குறைவாகக் குடிப்பவன் அதிகம் கெடுகிறான் என்றால், கெடுப்பது கோப்பையின் எண்ணிக்கை மட்டும் ஆகாது. கோப்பையை எதற்காக எடுக்கிறான் என்பதும் சேர்ந்து கெடுக்கிறது.

2

பதைப்பு என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பயத்துக்கு ஒரு பொருள் உண்டு: பாம்பு, போலீஸ், பரீட்சை. பதைப்புக்கு அப்படி விரல் நீட்டிக் காட்டத்தக்க பொருள் கிடையாது. இந்தப் பேதத்தைத் தத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் ஸோரன் கீர்க்ககார்ட். 1844-ல் கோபன்ஹேகனில் பதைப்பைப் பற்றிய தமது நூலை வெளியிட்டபோது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் விஜிலியஸ் ஹாஃப்னியென்ஸிஸ். கோபன்ஹேகனில் விழித்திருப்பவன் என்று அர்த்தம். அவர் சொல்வதன் சாரம் இது. மலை விளிம்பில் நிற்பவனுக்குத் தலை சுற்றுகிறது. கீழே பள்ளம் இருப்பதால் மட்டுமல்ல, அவன் கீழே பார்த்ததாலும்தான். தான் விழக்கூடும் என்பதோடு, தானே குதித்துவிடவும் கூடும் என்பது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. தன்னால் ஆகக்கூடியது இன்னதென்று தெரியாத ஆகிருதியோடு எதிரே நிற்கும்போது வருவது பதைப்பு. அதாவது சுதந்திரத்தின் முதல் அறிகுறி.

இதற்கு அவர் பயன்படுத்திய டேனிஷ் சொல்லின் வேரில் இறுக்கம், குறுகல் என்ற பொருள் இருக்கிறது. நாமும் நெஞ்சை அடைக்கிறது என்கிறோம், தொண்டையைக் கவ்வுகிறது என்கிறோம். வெளி விரிய விரிய, மனிதன் குறுகிப்போகிறான்.

பல்கலைக்கழகம் என்பது வெளி விரிவதற்காகவே ஏற்பட்ட இடம். பதினெட்டு வயதில் ஒருவன் முதல்முறையாக வீட்டின் கண்ணை விட்டு வெளியே வருகிறான். எப்போது தூங்குவது, யாரோடு பேசுவது, எதைப் படிப்பது, கடவுள் உண்டா இல்லையா என்பதெல்லாம் அதுவரை யாரோ ஒருவர் பொறுப்பில் இருந்தது. ஒரே வாரத்தில் அவன் பொறுப்பாகிவிடுகிறது. பெற்றோர் இதைச் சுதந்திரம் என்று சொல்லி அனுப்பிவைக்கிறார்கள். அந்தச் சொல்லின் கனத்தை அவர்கள் சொல்வதில்லை; ஒருவேளை மறந்துவிட்டிருக்கலாம். கீர்க்ககார்ட்டும் 1830-ல் பதினேழாவது வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். இறையியல் தேர்வை எழுத அவருக்குப் பத்து வருஷம் பிடித்தது. இடையில் உணவு விடுதி, உடை, புத்தகம் என்று ஏறிய கடனைத் தகப்பனார் அடைக்க வேண்டியிருந்தது. பதைப்பைப் பற்றி எழுதியவர் அதை மாணவப் பருவத்தில் தெரிந்துகொண்டவர்.

இனி மதுவின் பக்கம். அது மூளையில் என்ன செய்கிறது என்பது இன்று ஓரளவு தெரிந்த விஷயம். நரம்புகளின் பரபரப்பைத் தணிக்கும் காபா என்ற ரசாயனத்தின் வேலையைக் கூட்டுகிறது. கிளர்த்தும் குளுட்டமேட்டின் வேலையைத் தடுக்கிறது. ஆகவே ஆறுதல் பொய்யில்லை. ஆனால் மூளை தன் கணக்கைச் சரிக்கட்டிக்கொள்ளும். மது இறங்கும்போது தணிப்பு குறைந்து கிளர்ச்சி மிஞ்சுகிறது. மறுநாள் காலை பதைப்பு முன்னைவிடக் கூடுதலாக வந்து நிற்கிறது. பகல் முழுவதும் பேரேட்டோடு கழிக்கும் என்னைப் போன்றவனுக்கு இது புரியக் கஷ்டமில்லை. நாளைய அமைதியை அடகு வைத்து இன்று வாங்கும் கடன். வட்டியைக் கட்ட மறுபடியும் கடன். மிசௌரியில் கல்லூரி மாணவர் 454 பேரை முதலாம், நாலாம், ஏழாம் வருஷங்களில் பரிசோதித்து, குஷ்னரும் ஷெர்ரும் மற்றொருவரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வு இதையே வேறு விதமாகக் காட்டியது. பதைப்பு நோய் உள்ளவனுக்குப் பிறகு குடி நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. குடி நோய் உள்ளவனுக்குப் பிறகு பதைப்பு நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. எது முதல் என்று கேட்பதில் அர்த்தம் குறைவு.

ஆனால் ரசாயனம் முழுக் கதையைச் சொல்லிவிடவில்லை. கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோஸஃப்ஸ் என்ற உளவியலாளர்கள் 1988-ல் ஒரு சோதனை செய்தார்கள். உன் உடம்பில் உனக்குப் பிடிக்காததைப் பற்றிச் சற்று நேரத்தில் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு, சிலருக்கு மது கொடுத்தார்கள். குடித்துவிட்டுப் படங்களைப் பார்த்து மதிப்பிடும் வேலையில் ஈடுபட்டவர்களுக்குப் பதைப்பு குறைந்தது. குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குறையவில்லை. மது பார்வையைக் கிட்டப் பார்வையாக்குகிறது என்று 1990-ல் அவர்கள் இதை விளக்கினார்கள். எதிரே எது இருக்கிறதோ அது மட்டும் தெரியும். எதிரே சிரிப்பு இருந்தால் சிரிப்பு. எதிரே பதைப்பைத் தவிர வேறு எதுவும் இல்லாவிட்டால் பதைப்பேதான், முன்னைவிட அருகில்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, மது செய்வதும் ஒரு குறுகல்தான். பதைப்பு நெஞ்சைக் குறுக்குகிறது; மது காலத்தைக் குறுக்குகிறது, நாளை என்பது உள்ளே நுழைய இடமில்லாதபடி. இரண்டு, இந்த வைத்தியத்துக்குக் கூட்டம் வேண்டும், சத்தம் வேண்டும், எதிரே பார்க்க முகங்கள் வேண்டும். மாணவனின் குடியைத் தனிமனிதனின் விஷயமாக மட்டும் வைத்துப் பேசமுடியாமல் போவது இதனால்தான்.

3

கூட்டம் அவனுக்கு என்ன தருகிறது? முதலாவதாக, அனுமதி. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்ஸன், ஏப்ரம்ஸ் இருவரும் 1977-ல் ஆண்களுக்கு ஒரு பானத்தைக் கொடுத்து, பிறகு முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு பேசவைத்தார்கள். சிலருக்கு வோட்கா என்று சொல்லி வெறும் டானிக் நீர்; சிலருக்கு டானிக் நீர் என்று சொல்லி வோட்கா கலந்தது. இதயத் துடிப்பு எவருக்குக் குறைவாக ஏறியது என்றால், வோட்கா குடித்ததாக நம்பியவர்களுக்கு. உள்ளே போனது எதுவாக இருந்தாலும் சரி. பெண்களை வைத்து 1979-ல் இதே சோதனையைச் செய்தபோது, குடித்ததாக நம்பியவர்களுக்குப் படபடப்பு ஏறியது. ஒரே நம்பிக்கை, நேர் எதிரான விளைவு. குடித்த ஆணுக்கு உலகம் தந்திருக்கும் சலுகை குடித்த பெண்ணுக்கு இல்லை என்பதை அவரவர் இதயம் அறிந்து வைத்திருக்கிறது. கோப்பையில் இருந்தது அனுமதி. அது ஆண்கள் பெயருக்கு எழுதப்பட்ட அனுமதி.

கீர்க்ககார்ட்டின் 1845-ம் வருஷத்து நூல் ஒன்று ஒரு குடி விருந்தோடு ஆரம்பமாகிறது. ஐந்து பேர் காதலைப் பற்றிப் பேசுகிறார்கள். மதுவின் வேகம் தனக்குள் தெரிந்த பிறகுதான் ஒருவன் வாய் திறக்கலாம் என்பது அங்கே விதி. சொன்னது தானல்ல, மது என்று பின்னால் சொல்லிக்கொள்ள இடம் வைத்துவிட்டுப் பேசுவது. ஒவ்வொரு விடுதி அறையிலும் எழுதப்படாமல் இருக்கும் விதி அதுதான்.

அனுமதிக்கு அடுத்ததாக, சாக்கு. இதுதான் என் பார்வையில் விஷயத்தின் மையம். 1978-ல் ஸ்டீவன் பெர்க்லாஸும் எட்வர்ட் ஜோன்ஸும் மாணவர்களுக்குக் கணக்குகள் கொடுத்தார்கள். சிலருக்குக் கொடுத்தவை விடையே இல்லாதவை. ஆயினும் மிக நன்றாகச் செய்தாய் என்று பாராட்டினார்கள். அடுத்த தேர்வுக்கு முன்னால் இரண்டு மருந்துகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்: ஒன்று திறமையைக் கூட்டும், மற்றது குறைக்கும் என்றார்கள். விடை இல்லாத கணக்குக்குப் பாராட்டு வாங்கிய ஆண்கள் பெருமளவு திறமையைக் குறைக்கும் மருந்தையே தேர்ந்தார்கள். தோற்றவன் சாக்குத் தேடுவான் என்பது நமக்குத் தெரிந்தது. இங்கே சாக்குத் தேடியவன் ஜெயித்தவன். ஏன் ஜெயித்தோம் என்று தெரியாமல் ஜெயித்தவன்.

பள்ளியில் முதல் மாணவன், ஊரே வழியனுப்பி வைத்தவன், பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் ஏன் பதைக்கிறான் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சித்திரம் எனக்குக் கிடைக்கவில்லை. தன் தகுதி ஒரு தற்செயல் என்று அவனுக்கு உள்ளூரச் சந்தேகம். அடுத்த தேர்வு அதை அம்பலப்படுத்திவிடும். தேர்வுக்கு முந்தின இரவு குடித்துவிட்டால் பிழைத்தான். தோற்றால் குடியால் தோற்றான். ஜெயித்தால் குடித்தும் ஜெயித்தான். எப்படியும் அவன் யார் என்ற கேள்வி கேட்கப்படாமலே தங்கிவிடும். அவன் பதைப்பைத் தணிக்கக் குடிக்கவில்லை, பதைப்பு கேட்கும் கேள்வியை ஒத்திப்போடக் குடிக்கிறான்.

1981-ல் டக்கரும் வேறு இருவரும் மருந்துக்குப் பதில் மதுவையே வைத்துப் பார்த்தார்கள். தயக்கத்தில் இருந்த மாணவர்கள் அதிகம் குடித்தார்கள். ஆனால் தேர்வுக்கு உதவும் படிப்புக் குறிப்புகளையும் பக்கத்தில் வைத்தபோது அப்படி நடக்கவில்லை. வேறு கதவு திறந்திருந்தால் இந்தக் கதவை நாடுவதில்லை என்று கொள்ளலாம். பலவீனர்கள் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் அவன் பொறுப்பாளியா? இந்தக் கேள்விக்குப் பழைய பதில் ஒன்று உண்டு. லெஸ்போஸ் தீவில் மிடிலீனை ஆண்ட பிட்டகஸ், குடித்துவிட்டுக் குற்றம் செய்தவனுக்குத் தெளிவாக இருந்து செய்தவனைவிட அதிக தண்டனை விதித்தான் என்று அரிஸ்டாட்டில் சொல்கிறார். தம் ஒழுக்கவியல் நூலின் மூன்றாம் பகுதியில் இரட்டைத் தண்டனைக்கு அவரே நியாயமும் தருகிறார். குடித்தவனுக்குத் தான் செய்வது தெரியவில்லை, வாஸ்தவம். ஆனால் தெரியாமல் போனதன் தொடக்கம் அவனிடமே இருக்கிறது. குடிக்காமல் இருக்க அவனால் முடிந்திருக்கும்.

சாக்குக்காகக் குடிக்கிறவன் விஷயத்தில் இந்த நியாயம் அசாதாரணமாகப் பொருந்துகிறது. அவன் தன் அறியாமையைத் தானே தயாரித்துக்கொள்கிறான். ஆனால் அரிஸ்டாட்டிலுக்கும் கீர்க்ககார்ட்டுக்கும் இடையில் ஒரு முடிச்சு விழுகிறது. குடிக்காமல் இருக்கும் சுதந்திரம் அவனுக்கு இருந்தது என்கிறார் முன்னவர். அவன் குடித்ததே அந்தச் சுதந்திரத்தின் தலைச்சுற்றல் தாளாமல்தான் என்பது பின்னவரிடமிருந்து நாம் பெறும் பதில். எதிலிருந்து ஓடினானோ அதை வைத்தே அவனைத் தண்டிக்கிறோம். தண்டனை தவறு என்று நான் சொல்ல வரவில்லை. தண்டனையோடு விசாரம் முடிந்துவிடுவதில்லை என்கிறேன்.

இந்த இடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். பதைப்பைச் சுதந்திரத்தின் அறிகுறி என்று உயர்த்திப் பேசுவது வாசக சாலையில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சௌகரியம். மூச்சு முட்டிக் கை நடுங்கி வகுப்பறைக்குள் நுழைய முடியாமல் நிற்பவனுக்கு அதனால் என்ன பயன்? ஆட்சேபம் நியாயமானது. அவனுக்கு வேண்டியது வைத்தியம். அது இன்று கிடைக்கவும் கிடைக்கிறது. அவனிடம் போய் உன் நடுக்கம் ஞானத்தின் வாசல் என்று சொல்வது குரூரம். ஆனால் வைத்தியம் தேவைப்படாத அளவு பதைப்பு எல்லோரிடமும் இருக்கிறது. அது யாரிடமும் இல்லை என்பதுபோல் எல்லோரும் நடந்துகொள்வதுதான் நான் பேச வந்தது.

4

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93-வது அதிகாரம். அறத்துப்பாலில் அல்ல, பொருட்பாலில், வரைவின்மகளிருக்கும் சூதுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள் ஒரு யோசனை சொல்கிறது. குடிப்பவன் தான் குடிக்காமல் தெளிந்திருக்கும் பொழுதில், குடித்துக் கிடக்கும் இன்னொருவனைப் பார்க்கிறானே, அப்போதாவது தன் நிலை அவனுக்கு உறைக்காதா? மற்ற ஒன்பது குறள்களில் கண்டனம் இருக்கிறது. இதில் ஆச்சரியம் இருக்கிறது. வள்ளுவர் தெளிந்தவனின் பார்வையை நம்புகிறார். பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

1993-ல் டெபரா ப்ரென்டிஸ், டேல் மில்லர் இருவரும் வெளியிட்ட ஆய்வு பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றியது. அங்கே குடி பழக்கம் ஒரு மரபு. பழைய மாணவர்கள் திரும்பி வந்து கொண்டாடும் நாட்கள் அதற்குப் பேர் போனவை. ஆய்வாளர்கள் இரண்டே கேள்விகள் கேட்டார்கள். இங்குள்ள குடிப்பழக்கம் உனக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது? சராசரி மாணவனுக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கும் என்று நினைக்கிறாய்? தனக்கு அவ்வளவு சௌகரியமாக இல்லை, மற்றவர்களுக்கு இருக்கிறது என்பதே பொதுவான பதில். கிட்டத்தட்ட எல்லோரும் உள்ளுக்குள் சங்கடப்பட்டார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் தான் மட்டுமே சங்கடப்படுவதாக நம்பினார்கள்.

வள்ளுவரின் தெளிந்தவன் இங்கே இருக்கிறான். இன்னொருவன் குடிப்பதைப் பார்க்கவும் செய்கிறான். ஆனால் அவன் காண்பது வேறு. தள்ளாட்டத்தைப் பார்த்து நிம்மதி என்று வாசிக்கிறான். எல்லோருக்கும் வாழத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று முடிவு கட்டி, தானும் ஒரு கோப்பையை எடுத்துக்கொள்கிறான். அவனைப் பார்க்கும் அடுத்தவனுக்கு இவனும் ஒரு சாட்சி ஆகிவிடுகிறான். அந்த ஆய்வில் இன்னொரு பகுதி உண்டு. ஒரு பருவம் கழிவதற்குள் ஆண்கள், இல்லாத அந்தப் பொது மனப்பான்மையை நோக்கித் தங்கள் மனத்தை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். பொய்யான ஒன்று, எல்லோரும் நம்பியதால், மெல்ல உண்மையாகிக்கொண்டிருந்தது. பெண்கள் அப்படி நகரவில்லை.

விருந்தில் மிகச் சௌகரியமாகத் தெரிபவன் யார் என்பதற்கும் கீர்க்ககார்ட்டிடம் சாட்சியம் இருக்கிறது. 1836-ல், மாணவராக இருந்தபோது எழுதிய நாட்குறிப்பு ஒன்றில் தாம் அப்போதுதான் திரும்பி வந்த ஒரு விருந்தைப் பற்றிச் சொல்கிறார். அதன் உயிரே அவர்தான். அவர் வாயைத் திறந்தால் எல்லோரும் சிரித்தார்கள், வியந்தார்கள். வெளியே வந்தபோது அவருக்கு இருந்த எண்ணம் தன்னைச் சுட்டுக்கொள்ள வேண்டும் என்பது. அன்று அவரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய எத்தனை பேர், அவனைப் போல் இருக்க முடியவில்லையே என்று ஏங்கியிருப்பார்கள்.

குடியே இப்படிப்பட்டதுதானா? அப்படிச் சொன்னால் ஒழுக்கம் போதிக்கிறவரோடு நானும் எண்ணத் தொடங்கிவிட்டதாக ஆகும். புறநானூற்றில் அதியமான் இறந்தபோது ஔவை பாடியதில், கள் கொஞ்சமாகக் கிடைத்தபோதும் நிறையக் கிடைத்தபோதும் அவன் என்ன செய்தான் என்ற நினைவு வருகிறது. கொஞ்சம் என்றால் அவளுக்குக் கொடுத்துவிடுவான். நிறைய என்றால் அவள் பாட, சேர்ந்து மகிழ்வான். அங்கேயும் அளவு பேசப்படுகிறது, பங்கின் அளவாக. 1994-ல் லின் கூப்பர் என்ற உளவியலாளர் இளைஞர்கள் குடிப்பதன் நோக்கங்களை நான்காகப் பிரித்தார்: கூடிக் களிக்க, கிடைத்த களிப்பை மிகுவிக்க, துயரைச் சமாளிக்க, பிறரோடு ஒத்துப்போக. இதில் துயரைச் சமாளிக்கக் குடிப்பதற்கும் சிக்கலுக்கும் உள்ள தொடர்பு, குடித்த அளவைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மிஞ்சி நிற்கிறது. ஔவையின் கள் முதல் வகை. பிரின்ஸ்டன் மாணவன் கடைசி இரண்டு வகைகளையும் முதல் வகையின் முகமூடியோடு குடிக்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கொண்டாட்டம்.

5

செய்யக்கூடியது என்ன என்பதற்கு அதே இடத்திலிருந்து ஒரு பதில் கிடைத்தது. கிறிஸ்டின் ஷ்ரோடரும் ப்ரென்டிஸும் 1998-ல் எழுதியது. புது மாணவர்களில் ஒரு பகுதியினரைக் கூட்டி, நாம் எல்லோரும் ஒருவரைப் பற்றி ஒருவர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்ற விஷயத்தையே பேசவிட்டார்கள். இன்னொரு பகுதியினருக்கு, தனக்குத்தானே பொறுப்பாக முடிவெடுப்பது எப்படி என்பதைப் பற்றிப் பேச்சு. சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது முதல் பகுதியினர் குறைவாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். மனவுறுதியைப் பற்றிய உபதேசம் சாதிக்காததை, எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது என்ற வார்த்தை காதில் விழுந்தது சாதித்தது.

இதையே சுவரொட்டியாக அடித்து, பெரும்பாலானவர்கள் அளவோடுதான் குடிக்கிறார்கள் என்று பல கல்லூரிகள் ஒட்டின. 2003-ல் வெக்ஸ்லர் குழுவினர் பார்த்தபோது அதனால் பயன் இருந்ததாகத் தெரியவில்லை. வேறு சிலர் பயன் இருக்கிறது என்றார்கள். எனக்கு இந்தக் குழப்பம் ஆச்சரியம் தரவில்லை. ஒருவன் தன் சங்கடத்தைத் தன் வாயால் சொல்வதும், நிர்வாகம் அதைச் சதவிகிதமாக்கிச் சுவரில் ஒட்டுவதும் ஒன்றல்ல. முன்னதில் சொல்கிறவனுக்கு ஒரு நஷ்டம் இருக்கிறது: அவன் தன் சௌகரியத் தோரணையை இழக்கிறான். கேட்கிறவனை விடுவிப்பது அந்த நஷ்டம்தான்.

இதை இந்தப் பக்கங்களில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம்மிடமும் கல்லூரியிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். கையில் நாலு கவிதைகள், அவை கவிதைகள்தானா என்ற சந்தேகம், தன் கல்லூரியில் யாருக்கும் புரியாத ஒன்றைப் பேச இங்கே ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை. கூட்டம் முடிந்த பிறகு எங்கே போகிறோம், எதை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருகிறோம் என்பதை அவர்கள் கவனிக்கிறார்கள். கவிஞனின் குடிக்கு நம்மிடையே ஒரு மகத்துவம் ஏற்பட்டிருக்கிறது. கட்டுக்களை மீறியதன் அடையாளம், கலைஞனின் அவஸ்தைக்கு ஈடு என்றெல்லாம். ஒருவன் குடித்துச் சீரழிந்தால் அவன் கவிதைக்கு ஒரு சுற்று மதிப்புக் கூட்டித் தருகிறோம். அடுத்த வரியைப் பற்றிய பயம், நாம் ஒன்றுமில்லையோ என்ற பயம், எழுதாமல் போன வருஷங்களைப் பற்றிய வெட்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. அதைக் கூட்டத்தில் ஒருவரும் சொல்வதில்லை. வந்த இளைஞன் நம்மைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கெல்லாம் பதைப்பு தீர்ந்துவிட்டது, தீர்த்தது அந்தக் கோப்பை என்று வாசித்துக்கொண்டு போகிறான். பிரின்ஸ்டனில் நடந்த அதே தப்பு வாசிப்பு. அதற்கான பிரதியை எழுதிக் கொடுப்பவர்கள் நாம்.

யாரும் குடிக்கக் கூடாது என்று நான் கேட்கவில்லை. பதைப்பில்லாதவன் மாதிரி நடிக்க வேண்டாம் என்கிறேன். பதைப்பு ஒரு கேள்வி. அதற்கு அவரவர் தனித்தனியாகத்தான் பதில் தேட முடியும். ஆனால் கேள்வி தனக்கு மட்டும் கேட்கப்பட்டதல்ல என்று ஒருவனுக்குத் தெரிவது பிறர் சொல்வதனால் மட்டுமே முடியும். அதைச் சொல்லாமல் வைத்திருப்பதற்கும் ஒரு குற்றப் பங்கு உண்டு. பிட்டகஸின் சட்டத்தை இன்று திருத்தி எழுதினால், இரட்டைத் தண்டனையில் ஒரு பாதியைக் குடித்தவன் ஏற்க வேண்டும். மறுபாதி, தானும் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டு, வெளியே சௌகரியமாகச் சிரித்தபடி அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைச் சேரும்.